பிள்ளை விற்றால் பெற்றோர் குற்றவாளியா? போதைப்பொருள் வழக்குகளும் ஒற்றை அறை வீடுகளும்

பதின்பருவப் பிள்ளை வீட்டில் கஞ்சாவோ போதை மாத்திரையோ வைத்து விற்றதாகக் காவல்துறை சோதனையிடும்போது, பல வழக்குகளில் பிள்ளையின் பெயருக்கு அடுத்து எழுதப்படுவது தாயின் பெயராக இருக்கிறது. வீடு அவர் பெயரில் இருக்கிறது. சோதனை நடக்கும் நேரத்தில் வீட்டில் இருப்பவரும் அவரே. அவர் எதையும் விற்றதற்கோ வாங்கியதற்கோ சாட்சி இருக்காது. "ஒரே அறைதானே, உனக்குத் தெரியாமலா இருக்கும்?" என்ற கேள்வி மட்டுமே சாட்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

இந்தக் கேள்விக்குச் சட்டம் தரும் விடை தெளிவானது. பெற்றவர் என்ற ஒரே காரணத்துக்காக எவரும் குற்றவாளி ஆகமாட்டார். அவர் அறிந்திருந்தார், அறிந்தும் அனுமதித்தார் என்பதை அரசுத் தரப்பு காட்ட வேண்டும். ஆனால் சேரியிலும், மறுகுடியமர்வுக் குடியிருப்பிலும், குடிசைப் பகுதியிலும் வாழும் குடும்பங்களுக்கு அந்த விடை நீதிமன்றம்வரை சென்றால்தான் கிடைக்கிறது. அதற்குள் மாதக்கணக்கில் சிறை, முடக்கப்பட்ட வங்கிக் கணக்கு, போய்விட்ட வேலை என்று எல்லாம் நடந்து முடிந்துவிடுகின்றன. களப்பணியாளர்களும் மாணவர்களும் இவ்வழக்குகளில் முதல் நாளிலேயே தலையிடுவதற்கு வேண்டிய சட்ட அடிப்படைகளை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

பெற்றோர் என்பதே பொறுப்பாகாது

ஒருவர் செய்த குற்றத்துக்கு மற்றொருவரைத் தண்டிக்க வேண்டுமானால் அதைச் சட்டம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நாடாளுமன்றம் அப்படிச் சொன்ன இடமும் உண்டு. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் மோட்டார் வாகனச் சட்டத்தில் 199ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. 18 வயது நிரம்பாதவர் வாகனம் ஓட்டிக் குற்றம் செய்தால், பாதுகாவலரோ வாகன உரிமையாளரோ குற்றம் செய்தவராகக் கருதப்படுவார். 3 ஆண்டுவரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். தமக்குத் தெரியாமல் நடந்தது என்று மெய்ப்பிக்கும் சுமையும் அவருடையதே.

1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் மற்றும் உளவெறியூட்டும் பொருட்கள் சட்டத்தில், அதாவது என்.டி.பி.எஸ். சட்டத்தில், இத்தகைய பிரிவு எதுவும் இல்லை. பிள்ளையின் விற்பனைக்குப் பெற்றோரைத் தானாகவே பொறுப்பாக்கும் சொல் அதில் எங்கும் கிடையாது. இருசக்கர வாகனத்துக்கு விதித்த பொறுப்பை நாடாளுமன்றம் கஞ்சாவுக்கு விதிக்கவில்லை. பிணை மனுவில் முதலில் எடுத்துவைக்க வேண்டிய வாதம் இதுவே.

பிரிவு 25: தெரிந்தே அனுமதித்தல்

பெற்றோர் மீது பெரும்பாலும் பாயக்கூடியது 25ஆம் பிரிவு. ஒரு வீட்டின், அறையின், இடத்தின், வாகனத்தின் உரிமையாளரோ, குடியிருப்பவரோ, அதைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவரோ, பிறர் இச்சட்டப்படியான குற்றம் செய்வதற்கு அதைப் பயன்படுத்தத் தெரிந்தே அனுமதித்தால், அந்தக் குற்றத்துக்குரிய தண்டனையே அவருக்கும் உண்டு என்கிறது அப்பிரிவு.

இதில் இரண்டு செய்திகள் உள்ளன. ஒன்று, வாடகைக்கு இருப்பவரும் ஒதுக்கீடு பெற்றவரும் இப்பிரிவுக்குள் வருவர்; சொந்த வீடு என்பது தேவையில்லை. தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் குடியிருப்புகளில் ஒதுக்கீட்டு ஆணை பெரும்பாலும் குடும்பத் தலைவியின் பெயரில் தரப்படுகிறது. பெண்ணுக்கு உரிமை தரவேண்டும் என்ற நோக்கில் எழுதப்பட்ட அந்தப் பெயரே, வழக்கு என்று வரும்போது அவரை முதல் ஆளாக நிறுத்திவிடுகிறது. இரண்டு, "தெரிந்தே" என்பதும் "அனுமதித்தல்" என்பதும் தனித்தனியே மெய்ப்பிக்கப்பட வேண்டியவை. தெரிந்திருந்தும் தடுக்க முயன்று தோற்ற தாய், அனுமதித்த தாய் அல்லர். மகனைக் கண்டித்தது, உறவினர் வீட்டுக்கு அனுப்பியது, போதை மறுவாழ்வு மையத்துக்கு அழைத்துச் சென்றது, பள்ளி ஆசிரியரிடம் முறையிட்டது ஆகிய ஒவ்வொன்றும் அனுமதி இல்லை என்பதற்கான சான்று.

உச்ச நீதிமன்றம் போலா சிங் எதிர் பஞ்சாப் மாநிலம் வழக்கில் (2011), போதைப்பொருள் பிடிபட்ட லாரியின் உரிமையாளர் என்பதற்காக மட்டும் ஒருவரை 25ஆம் பிரிவின் கீழ் தண்டிக்க முடியாது, அவருக்கு அது தெரிந்திருந்தது என்பதற்குச் சான்று வேண்டும் என்று கூறி அவரை விடுவித்தது. லாரிக்குச் சொன்னது வீட்டுக்கும் பொருந்தும்.

ஒற்றை அறையும் சட்டத்தின் ஊகமும்

என்.டி.பி.எஸ். சட்டத்தின் 35ஆம் பிரிவு, குற்றம்சாட்டப்பட்டவருக்குக் குற்ற மனநிலை இருந்தது என்று நீதிமன்றம் ஊகிக்க வேண்டும் என்கிறது. 'அறிந்திருத்தல்' என்பதும் குற்ற மனநிலைக்குள் அடங்கும். அந்த ஊகத்தை முறியடிக்கும் சுமை குற்றம்சாட்டப்பட்டவர் மீது, அதுவும் ஐயத்துக்கு இடமின்றி, விழுகிறது. 54ஆம் பிரிவு, ஒருவரின் உடைமையில் பொருள் இருந்து அதற்கு அவர் நிறைவான விளக்கம் தராவிட்டால் குற்றம் செய்ததாக ஊகிக்கலாம் என்கிறது. பொதுவான குற்றவியல் சட்டத்தில் காணமுடியாத கடுமை இது.

ஆனால் இந்த ஊகம் வெறும் காற்றில் எழுவதில்லை. நூர் ஆகா எதிர் பஞ்சாப் மாநிலம் வழக்கில் (2008) உச்ச நீதிமன்றம் ஒரு வரம்பு விதித்தது: அடிப்படை உண்மைகளை அரசுத் தரப்பு முதலில் மெய்ப்பித்த பின்னரே சுமை எதிர்த்தரப்புக்கு மாறும். உடைமை என்பதும் உணர்வுபூர்வமான உடைமையாக இருக்க வேண்டும். பொருள் அங்கே இருப்பதும், அது இன்னது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மோகன்லால் எதிர் ராஜஸ்தான் மாநிலம் வழக்கின் (2015) தீர்ப்பும் இதை விரிவாகப் பேசுகிறது.

நடைமுறையில் அடிப்படை உண்மையின் இடத்தை வீட்டின் பரப்பளவு பிடித்துக்கொள்கிறது. மூன்று படுக்கையறை கொண்ட வீட்டில் மகனுக்குத் தனி அறை, தனிப் பூட்டு. அவன் அறையில் இருந்தது பெற்றோருக்குத் தெரியாது என்றால் எவரும் நம்புவர். பெரும்பாக்கத்திலோ கண்ணகி நகரிலோ ஒரே கூடத்தில் ஐந்து பேர் படுத்து எழும் வீட்டில் அதே சொல் பொய்யாகக் கொள்ளப்படுகிறது. நகரத்தின் நடுவிலிருந்து அகற்றி, சிறிய வீட்டுக்குள் அடைத்தது அரசு. அந்த வீட்டின் சிறுமையையே தாய்க்கு எதிரான சான்றாக அரசுத் தரப்பு முன்வைக்கும்போது, தீண்டாமை ஒதுக்கிய இடமே குற்றச்சாட்டாக மாறுகிறது.

இதற்கு மறுமொழி உண்டு. விடியற்காலை வீட்டு வேலைக்கோ துப்புரவுப் பணிக்கோ சென்று மாலையில் திரும்பும் ஒருவர் பகல் முழுவதும் வீட்டில் இல்லை. பணியிட வருகைப் பதிவேடு, மேற்பார்வையாளரின் சாட்சியம், கைப்பேசியின் இடப்பதிவு ஆகியன இதை நிறுவும். பொருள் எங்கே இருந்தது என்பதும் முக்கியம்: சமையல் மேடையிலா, பையனின் பள்ளிப் பையிலா, மாடிப்படிக்கு அடியிலா, பலரும் புழங்கும் நடைவழியிலா? பிடிபட்ட இடத்தைப் பறிமுதல் மகஜர் துல்லியமாகக் குறிப்பிடாவிட்டால் அதை முதல் நாளிலேயே எதிர்க்க வேண்டும்.

பாயக்கூடிய பிற பிரிவுகள்

விற்ற பணம் பெற்றோர் கையில் வந்து, அது எந்தப் பணம் என்பதும் தெரிந்திருந்தால், உடந்தை, கூட்டுச்சதி ஆகியவற்றைச் சொல்லும் 29ஆம் பிரிவு வரலாம். இதைவிடக் கடுமையானது 27ஏ பிரிவு. கடத்தலுக்கு நிதியளிப்பதையும் கடத்தலில் ஈடுபடுவோருக்குப் புகலிடம் தருவதையும் இது தண்டிக்கிறது. 10 முதல் 20 ஆண்டு சிறை. பிடிபட்ட பொருளின் அளவு எதுவாயினும் பிணைக்குக் கடும் நிபந்தனை உண்டு. 18 வயது நிரம்பாத பிள்ளைக்குச் சோறும் இடமும் தருவது பெற்றோரின் சட்டப்பூர்வக் கடமை. அக்கடமையைப் புகலிடம் தரும் குற்றமாகத் திரிக்க முடியாது என்பதை நாம் அழுத்திச் சொல்ல வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. தேடப்படும் குற்றவாளியை ஒளித்துவைப்பதைத் தண்டிக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 249ஆம் பிரிவு, கணவனுக்கும் மனைவிக்கும் மட்டுமே விலக்கு அளிக்கிறது. தாய்க்கோ தந்தைக்கோ அவ்விலக்கு இல்லை. அதேபோல் பொருளைக் கழிவறையில் கொட்டுவதும் எரிப்பதும், சான்றை அழித்தல் என்ற 238ஆம் பிரிவுக்குள் வரக்கூடும். பிள்ளையைக் காப்பாற்றும் பதற்றத்தில் செய்யப்படும் செயலே தெரிந்திருந்தது என்பதற்குச் சான்றாகிவிடும்.

பிள்ளையைப் பயன்படுத்தி விற்பவர் பெற்றோரே என்றால் நிலைமை வேறு. இளைஞர் நீதிச் சட்டத்தின் (2015) 78ஆம் பிரிவு, போதைப்பொருளை விற்கவோ எடுத்துச் செல்லவோ குழந்தையைப் பயன்படுத்துவோருக்கு 7 ஆண்டுவரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய்வரை அபராதமும் விதிக்கிறது. அதைச் செய்யும் பெற்றோருக்காக வாதிடுவது நம் நோக்கமன்று. ஆனால் அதே பிரிவு, பையனிடம் பொட்டலத்தைக் கொடுத்தனுப்பிய வெளியாளுக்கும் பொருந்தும். வழக்கு தாயோடு நின்றுவிடும்போது தப்பிப்பது அந்த ஆள்தான். முதல் தகவல் அறிக்கையில் 78ஆம் பிரிவைச் சேர்த்து, பொருள் வந்த வழியை விசாரிக்க வேண்டும் என்று எழுத்து மூலம் கோருவது நம் தரப்பின் கடமை.

அளவே தண்டனையைத் தீர்மானிக்கிறது

கஞ்சாவில் 1 கிலோவுக்குக் குறைவானது சிறு அளவு. 20 கிலோவுக்கு மேற்பட்டது வணிக அளவு. ஹெராயினுக்கு இவை 5 கிராம், 250 கிராம். மெத்தாம்பெட்டமைனுக்கு 2 கிராம், 50 கிராம். கஞ்சா சிறு அளவுக்கு ஓராண்டுவரை சிறை அல்லது 10,000 ரூபாய்வரை அபராதம் அல்லது இரண்டும். இடைப்பட்ட அளவுக்கு 10 ஆண்டுவரை சிறை. வணிக அளவுக்கு 10 முதல் 20 ஆண்டு சிறை.

வணிக அளவு என்றால் 37ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். குற்றம் செய்யவில்லை என்று நம்ப நியாயமான காரணம் உண்டு, வெளியே வந்தால் மீண்டும் குற்றம் செய்யமாட்டார் என்று நீதிமன்றம் நிறைவடைந்தாலன்றிப் பிணை கிடைக்காது. சிறு அளவிலும் இடைப்பட்ட அளவிலும் 25ஆம் பிரிவின் கீழ் கைதான பெற்றோருக்கு இத்தடை இல்லை. மாத்திரை வழக்குகளில், பிடிபட்ட மாத்திரையின் வேதிப்பெயர் என்.டி.பி.எஸ். பட்டியலில் உள்ளதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். போதைக்காகப் பயன்படுத்தப்படும் எல்லா வலிநிவாரணிகளும் அப்பட்டியலில் இல்லை.

பிள்ளையின் வழக்கில் பெற்றோரின் இடம்

குற்றம் நடந்த நாளில் 18 வயது நிரம்பாதவர் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்தான் நிறுத்தப்பட வேண்டும். அதுவும் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள். எக்காரணம் கொண்டும் காவல்நிலைய அறையிலோ சிறையிலோ அடைக்கக் கூடாது என்கிறது 10ஆம் பிரிவு. பெற்றோருக்கு உடனே தகவல் தரவேண்டும் என்கிறது 13ஆம் பிரிவு. பள்ளிச் சான்றே வயதுக்கான முதல் ஆதாரம். அதை அன்றே காட்ட வேண்டும். 17 வயதுப் பையனை 19 என்று எழுதிவிட்டால் குண்டர் சட்டம்வரை கொண்டுசெல்ல வழி திறந்துவிடும்.

12ஆம் பிரிவின்படி பிணையே விதி. பிற சட்டங்கள் எதுவாயினும் இப்பிரிவு மேலோங்கும் என்று அதன் தொடக்கமே சொல்வதால், என்.டி.பி.எஸ். 37 சிறாரைத் தடுக்காது என்று உயர் நீதிமன்றங்கள் பல தீர்ப்புகளில் கூறியுள்ளன. மறுக்கப்படுவதற்கு மூன்று காரணங்களே உண்டு: விடுவித்தால் குற்றவாளிகளோடு சேர்வான், ஒழுக்கத்துக்கோ உடலுக்கோ மனத்துக்கோ ஆபத்து நேரும், நீதியின் நோக்கம் கெடும். நன்னடத்தை அலுவலரின் சமூகப் புலனாய்வு அறிக்கை இங்கே முடிவைத் தீர்மானிக்கிறது. "குற்றச் சூழல் நிறைந்த பகுதி" என்று குடியிருப்பின் பெயரை வைத்தே எழுதப்படும் ஒரு வரி, பையனைக் கூர்நோக்கு இல்லத்திலேயே இருத்திவிடும். பெற்றோர் பொறுப்பேற்கும் உறுதி, உறவினர் வீட்டில் தங்கவைக்கும் ஏற்பாடு, பள்ளி மறுசேர்க்கைக் கடிதம் ஆகியவற்றை அலுவலரிடம் எழுத்தில் தந்தால் அந்த வரிக்கு மறுப்பு கோப்பிலேயே இருக்கும்.

வணிக அளவு வழக்கில் 16 வயது நிரம்பியவரை முதிர்ந்தோராகக் கருதி விசாரிக்கலாமா என்ற முதற்கட்ட மதிப்பீடு 15ஆம் பிரிவின்படி நடைபெறும். பிற வழக்குகளில் குழுமமே முடிவு செய்யும். 18ஆம் பிரிவின்படி பெற்றோர் மீது விழக்கூடிய நேரடிச் சுமைகள் இரண்டு: அபராதம் கட்டச் சொல்லலாம், நன்னடத்தைக்கு உறுதிப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு பிள்ளையை ஒப்படைக்கலாம். இவை குற்றத் தீர்ப்பு ஆகா.

23ஆம் பிரிவின்படி சிறாரையும் முதிர்ந்தோரையும் சேர்த்து விசாரிக்க முடியாது. தாயின் வழக்கு என்.டி.பி.எஸ். சிறப்பு நீதிமன்றத்திலும் மகனின் வழக்கு குழுமத்திலும் தனித்தனியே நடக்கும். "அம்மாவுக்குத் தெரியும்" என்று மகனிடம் எழுதி வாங்கிய வாக்குமூலம் தாய்க்கு எதிராகச் செல்லாது. காவலரிடம் தந்த ஒப்புதல் சான்றாகாது என்பது பழைய விதி. தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு மாநிலம் வழக்கில் (2020) உச்ச நீதிமன்றம் அதை என்.டி.பி.எஸ். 67ஆம் பிரிவு வாக்குமூலங்களுக்கும் விரித்தது.

வீடும் வங்கிக் கணக்கும்

தமிழ்நாட்டில் 2022இல் நடந்த கஞ்சா வேட்டை நடவடிக்கைகளின்போது குற்றம்சாட்டப்பட்டோரின் கணக்குகளோடு உறவினர் கணக்குகளும் முடக்கப்பட்டன. என்.டி.பி.எஸ். சட்டத்தின் 5ஏ அத்தியாயம் உறவினர் சொத்தையும் தொடுகிறது என்பது உண்மையே. ஆனால் அது 10 ஆண்டு அல்லது அதற்கு மேல் சிறை விதிக்கக்கூடிய குற்றங்களுக்கே பொருந்தும். சட்டவிரோதமாக ஈட்டிய சொத்தை மட்டுமே தொட முடியும். 68எஃப் பிரிவின் கீழான முடக்க ஆணையைத் தகுதிவாய்ந்த அதிகாரி 30 நாளுக்குள் உறுதிசெய்யாவிட்டால் அது செல்லாது. மகளிர் சுய உதவிக் குழுக் கடனும் நூறு நாள் வேலைக் கூலியும் வந்த கணக்கு முடக்கப்பட்டால், கணக்குப் புத்தகத்தோடு உடனே எதிர்ப்பு மனு தரவேண்டும்.

வீட்டைப் பறிப்பதும் இடிப்பதும் தண்டனையாகப் பயன்படுவதை அமெரிக்காவிலும் கண்டோம். 2002இல் ரக்கர் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், குடும்பத்தாரோ விருந்தினரோ செய்த போதைப்பொருள் குற்றத்துக்காக, அதை அறியாத பொதுக்குடியிருப்பு வாடகையாளரையும் வெளியேற்றலாம் என்றது. பேரன்களின் செயலுக்காக மூதாட்டிகள் வெளியேற்றத்தை எதிர்கொண்ட வழக்கு அது. இந்தியாவில் சட்டம் வேறு திசையில் நிற்கிறது. 2024 நவம்பர் 13 அன்று நீதிபதிகள் பி.ஆர். கவாய், கே.வி. விஸ்வநாதன் அமர்வு, ஒருவர் குற்றம்சாட்டப்பட்டவர் என்பதற்காக வீட்டை இடிப்பது முழுக் குடும்பத்துக்கும் தரப்படும் கூட்டுத் தண்டனை என்று கண்டித்தது. 15 நாள் முன்னறிவிப்பைக் கட்டாயமாக்கியது. எனினும் சாலை, நடைபாதை, நீர்நிலை போன்ற பொது இடங்களில் உள்ள அனுமதியற்ற கட்டடங்களுக்கு இப்பாதுகாப்பு இல்லை. நம் மக்களின் வீடுகள் பல அங்கேதான் இருக்கின்றன என்பதை மறக்கலாகாது.

சோதனையின்போது கேட்க வேண்டியவை

1. சூரியன் மறைந்த பின் பிடியாணையின்றி வீட்டுக்குள் நுழைந்தால், அதற்கான காரணத்தை அதிகாரி 42ஆம் பிரிவின்படி எழுத்தில் பதிந்திருக்க வேண்டும். அதன் நகல் 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்குச் செல்ல வேண்டும்.

2. உடலைச் சோதிக்கும் முன், அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர் அல்லது நடுவர் முன்னிலையில் சோதிக்கக் கேட்கும் உரிமை 50ஆம் பிரிவின்படி உண்டு. பெண்ணைப் பெண்ணே சோதிக்க வேண்டும்.

3. பி.என்.எஸ்.எஸ். 105ஆம் பிரிவின்படி சோதனையும் பறிமுதலும் ஒளிப்பதிவு செய்யப்பட வேண்டும். ஒளிப்பதிவு இல்லையெனில் அதை முதல் மனுவிலேயே குறிப்பிட வேண்டும்.

4. மகஜரின் நகல் வீட்டில் இருப்பவருக்கு உரியது. எழுதாத தாளிலும் படித்துக் காட்டாத தாளிலும் கையெழுத்திட வேண்டியதில்லை.

5. சூரியன் மறைந்த பின், உதிக்கும் முன், விதிவிலக்கான சூழலில் பெண் அதிகாரி நடுவரின் முன் அனுமதி பெற்றால் அன்றிப் பெண்ணைக் கைது செய்யக் கூடாது. மகன் சரணடையும்வரை தாயைப் பிணையாக வைத்திருக்கச் சட்டத்தில் இடமே இல்லை.

6. சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தும். வேண்டுமென்றே அலைக்கழிக்கும் சோதனைக்கும் கைதுக்கும் அதிகாரியைத் தண்டிக்க என்.டி.பி.எஸ். 58ஆம் பிரிவு இருக்கிறது. பயன்படுத்தப்படாததால் அது மறந்துபோன பிரிவாகிவிட்டது.

தெரியவந்தால் பெற்றோர் செய்யத்தக்கது

வீட்டில் பொருள் இருப்பது தெரிந்த நாளிலிருந்து பெற்றோரின் சட்டநிலை மாறிவிடுகிறது. அதற்குப் பின் வாளாவிருப்பதை அனுமதி என்று வாதிட இடமுண்டு. எனவே வழக்கறிஞரையோ சட்டப் பணிகள் ஆணைக்குழுவையோ உடனே நாட வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள் ஆகியோருக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. அழைப்பு எண் 15100. பிள்ளை தானும் பயன்படுத்துபவனாக இருந்தால், அரசு ஏற்ற மையத்தில் தானே முன்வந்து சிகிச்சை பெறும்போது சிறு அளவுக் குற்றத்துக்கு வழக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது 64ஏ பிரிவு. போதை மீட்பு உதவி எண் 14446. வெளியாட்கள் மிரட்டி விற்கவைக்கிறார்கள் என்றால், அவன் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை. 1098 வழியாகக் குழந்தைகள் நலக் குழுவை அணுகலாம்.

2011 கணக்கெடுப்பின்படி நாட்டு மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு. சிறைவாசிகளிலோ அவர்கள் ஐந்தில் ஒரு பங்கு. போதைப்பொருள் நம் குடியிருப்புகளைச் சிதைக்கிறது என்பதில் நமக்கு மாற்றுக்கருத்து இல்லை. அதை முதலில் எதிர்ப்பவர்களும் நம் தாய்மார்களே. விற்பனைச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் நிற்கும் பையனையும், அவனைப் பெற்றவரையும் சிறைக்கு அனுப்புவதால் அந்தச் சங்கிலி அறுபடவில்லை. ஒவ்வொரு வழக்கிலும் "அவருக்குத் தெரியும் என்பதற்குச் சான்று எது? பொருளைக் கொடுத்தனுப்பியவர் யார்?" என்ற இரண்டு கேள்விகளையும் முதல் விசாரணை நாளிலேயே எழுத்தில் எழுப்புவோம்.